நாலாம் மாடிக்கு ஒரு பழைய டிரைவர்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது ஷூ கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார் டாக்டர். அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அன்று அவர் எங்கே கிளம்பினார் என்பது மட்டும் தெரியும். கடைத்தெருவில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று. முந்தின நாள் அவரும் அவர் கூட்டாளியும் அங்கே லிஃப்ட்டைத் தாங்கும் கம்பி வடங்களை மாற்றியிருந்தார்கள். பழைய வடத்துக்குப் பழகிய லிஃப்ட், புது வடம் போட்டதும் தடுமாறும். தரைக்கு ஒரு சாண் கீழே நிற்கும், இல்லாவிட்டால் மேலே. லேப்டாப்பை இணைத்து, அடியிலிருந்து உச்சிவரை ஆமை வேகத்தில் ஒருமுறை ஓட்டி, எந்த மாடி எங்கே இருக்கிறது என்று அதற்குப் புதிதாகக் காட்ட வேண்டும். அது முடியும்வரை லிஃப்ட்டைப் பூட்டித்தான் வைப்பார்கள். அந்த ஓட்டம்தான் செவ்வாய்க்கிழமை வேலை.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஓய்ந்த பிறகு அம்மாவின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. அம்மா இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

“உங்கப்பா போனது எனக்கும் வருத்தம்தாம்மா. இதைக் கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காத. நான் நாலாவது மாடியில இருக்கேன். என் கடை கீழ இருக்கு. எனக்குக் கால் ரெண்டும் சக்கரம். நான் என்ன பண்ணட்டும், சொல்லு.”

நாலாம் மாடி அக்கா. அப்பா வீட்டில் அப்படித்தான் சொல்வார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். சக்கர நாற்காலியில் லிஃப்ட்டில் இறங்கிக் கடையைத் திறப்பார், பூட்டிவிட்டு லிஃப்ட்டில் ஏறிப் போவார். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து கடையும் பூட்டித்தான் கிடக்கிறது.

“யாராவது உங்களை இறக்கிவிட…”

“தம்பி தூக்கிட்டுப் போறேங்கிறான். நான் என்ன சிமெண்ட் மூட்டையா? ஒருநாள்னா சரி. தினமும் எவன் முதுகுல ஏறிக் கடைக்குப் போறது?”

“வேற லிஃப்ட் கம்பெனிக்காரங்க யாரும் வரலையாக்கா?”

“வந்தாங்களே. மேல போய்ப் பார்த்தாங்க. இந்தக் கண்ட்ரோல் பெட்டியச் செஞ்ச கம்பெனிய மூடி எவ்வளவோ நாளாச்சாம். மொத்த லிஃப்ட்டையும் மாத்தணும்னாங்க. இதோட பேசுறதுக்கு உங்கப்பா லேப்டாப்பால மட்டும்தான் முடியும்னாங்க. அது எங்கம்மா இருக்கு?”

அது கப்பி மாமாவிடம் இருந்தது. அப்பாவின் கூட்டாளி. வேலை முழுக்க உச்சியில் வடம் சுற்றும் கப்பிக்குப் பக்கத்தில், ஆளும் கப்பி மாதிரி உருண்டை. பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலை லேப்டாப் பையைக் கைக்குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“மோட்டார்னா பிரிச்சு மேஞ்சுடுவேன் பாப்பா. இதத் திறந்தாலே எனக்கு வேர்த்துடும். ஒரு தடவ ஆன் பண்ணேன். உள்ள டிக் டிக்னுச்சு. மூடி வச்சுட்டேன்.”

டிக் டிக் என்றால் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. அதிலிருந்த எதையும் மீட்க முடியவில்லை. லிஃப்ட்டோடு பேசும் புரோகிராமின் சிடியும் அதற்கான கேபிளும் மட்டும் பைக்குள் இருந்தன. ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. புது டிஸ்க் போட்டேன். கணினியை இயக்கும் ஓ.எஸ்., சிடியிலிருந்த புரோகிராம் இரண்டையும் ஏற்றினேன். அதுவரை பழக்கப்பட்ட வேலை, கை தானாகச் செய்தது.

பிறகு சாதனங்களின் பட்டியலைத் திறந்தேன். நாலைந்து மஞ்சள் முக்கோணங்கள்.

கணினியில் இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அது இல்லாவிட்டால் சாதனம் உள்ளே இருக்கும், அதற்கு மின்சாரமும் போகும், ஆனால் அது என்ன, அதை எப்படி வேலை வாங்குவது என்று ஓ.எஸ்-க்குத் தெரியாது. மஞ்சள் முக்கோணம் போட்டு ‘அறியாத சாதனம்’ என்று எழுதிவிடும். ஆனால் எந்தச் சாதனமும் தன்னைச் செய்தவரின் எண்ணையும் தன் எண்ணையும் கேட்டால் சொல்லும். அந்த இரண்டு எண்களையும் வைத்து அது யார் என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். அலுவலகத்தில் இது சலிப்பான வேலை. அப்பாவின் லேப்டாப்பில் அப்படி இல்லை. பல நாட்களுக்குப் பிறகு ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது.

முதலில் வைஃபை. அதன் டிரைவரை என் கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவந்து போட்டேன். முக்கோணம் போனது, வைஃபை வரவில்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் வைஃபையை அணைக்க ஒரு சின்னச் சுவிட்ச் இருந்தது. அது அணைந்த பக்கமே நின்றது. நகத்தால் தள்ளினேன், நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பசை. துளி சிந்தாமல், அளவாக வைத்து அப்பா ஒட்டியிருந்தார்.

அம்மாவிடம் காட்டினேன்.

“அந்த மனுஷன் எதைத்தான் ஒட்டல? டிவி ரிமோட்ல பேட்டரி மூடி விழுதுன்னு ஒட்டினாரு. அப்புறம் பேட்டரி மாத்த முடியாம ரிமோட்டையே மாத்தினோம்.”

“இதை எதுக்கும்மா ஒட்டினாரு?”

“கேட்டா பதில் சொல்ற ஆளா அது?”

உண்மை. அப்பா பேசுவது குறைவு, அதுவும் பெரும்பாலும் லிஃப்ட்டுகளைப் பற்றி. சின்ன வயதில் பட்டனை நான் மறுபடி மறுபடி அமுக்கினால், “ஒரு தடவ அமுக்கினா போதும். அதுக்குக் காது கேக்கும்” என்பார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட்டில் எல்லோரும் கதவைப் பார்த்து நிற்பார்கள், அவர் கூரையைப் பார்த்து நிற்பார். சத்தத்தைக் கேட்பார். ஒருமுறை யாருடைய கல்யாணத்திலோ ஆளைக் காணோம் என்று அம்மா தேடு தேடென்று தேடினாள். மண்டபத்து மொட்டை மாடியில், லிஃப்ட்டின் மோட்டார் அறையில், முன்பின் தெரியாத வாட்ச்மேனோடு நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நல்ல சட்டையோடு. “இங்க வந்தும் உங்களுக்கு இதுதானா?” என்று அம்மா கேட்டதற்கு, “அது அழுதுச்சு, எப்படி விட்டுட்டு வர்றது?” என்றாராம்.

அந்த ஆள் ஏன் வைஃபையை ஒட்டினார்? விடை கிடைக்கவில்லை. என் போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அதன் வழியாக இணையம் கொடுத்தேன். கேபிளைச் செருகியதும் தானாக இணையம் போகும்படி போனில் அமைத்தும் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் யார் அமுக்கிக்கொண்டிருப்பது?

அடுத்த முக்கோணம் விரல் ரேகை படிக்கும் கருவி.

“அவர் அதத் தொட்டே பார்த்திருக்க மாட்டாரு,” என்றாள் அம்மா. “வடத்தைப் பிடிச்சுப் பிடிச்சு ரேகையே தேஞ்சு போச்சு. பேங்க்ல விரலை வச்சா மெஷின் யாருய்யா நீன்னு கேக்கும்.”

அதற்கடுத்தது சுத்தமாகப் புரியவில்லை. பெயர் இல்லை, வகை இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாளம் மட்டும். தேடிப் பார்த்தேன். விழுவதை உணரும் சில்லு அது. லேப்டாப் கை தவறி விழுந்தால், தரையில் மோதுவதற்குள் அதைக் கண்டுகொண்டு, ஹார்டு டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் ஊசியைச் சுழலும் தட்டிலிருந்து தூக்கி ஓரமாக வைத்துவிடும். இப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

கப்பி மாமாவிடம் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அடப்பாவி! அதான் பிழைச்சுச்சா? விழுந்துச்சே பாப்பா! லிஃப்ட்டோட கூரை மேல வச்சிருந்தோம். அங்கேர்ந்து கீழ குழிக்குள்ள.”

“அப்பா என்ன பண்ணாரு?”

“முதல்ல என்னைத் திட்டினாரு. திட்டி முடிச்சப்புறம் யாரு தட்டிவிட்டதுன்னு யோசிச்சாரு. அவரேதான். அதுக்கும் என்னைத் திட்டினாரு, நீ ஏன் பிடிக்கலைன்னு.”

நான் போட்ட புது டிஸ்க்கில் ஊசி கிடையாது. விழுவதை உணர்ந்தும் அந்தச் சில்லுக்கு இனி செய்ய வேலை இல்லை. அதற்கும் டிரைவர் தேடிப் போட்டேன்.

கடைசியாகக் கேபிள். இதற்காகத்தான் இவ்வளவும். ஒரு முனை லேப்டாப்பில், மறுமுனை லிஃப்ட்டின் கண்ட்ரோல் பெட்டியில். லேப்டாப் பக்கத்துத் தலைக்குள் ஒரு சில்லு, மறுபக்கம் உருண்டையான ஒரு பிளக், மூடிப்போன அந்தக் கம்பெனி தனக்கென்றே செய்தது. முழுவதும் ரப்பரில் வார்த்த ஒரே துண்டு. வெட்டித் திறந்தால் உள்ளே எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்க்கலாம், ஆனால் இருப்பதே அது ஒன்றுதான். ஊகித்து வேறொன்று செய்து, தப்பான கம்பியில் மின்சாரம் போனால் கண்ட்ரோல் பெட்டியின் போர்டு கருகிவிடும். அதுவும் ஒன்றுதான் இருக்கிறது.

கேபிளைச் செருகினேன். ஓ.எஸ். உடனே அடையாளம் கண்டது. இணையத்திலிருந்து தானாகவே புத்தம் புது டிரைவரை இறக்கிப் போட்டது. கூடவே மஞ்சள் முக்கோணம்: ‘இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை.’

டிரைவர் இல்லை என்றால் தேடலாம். டிரைவர் இருக்கிறது, சரியான டிரைவர், எண்கள் பொருந்துகின்றன, ஆனாலும் ஓடாது என்கிறது. கழற்றி மாட்டினேன். வேறு துளையில் செருகினேன். என் கணினியில் செருகினேன். அங்கேயும் அதே பதில்.

சாயங்காலம் அக்கா அழைத்தார். “என்னம்மா, பேசுச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

“எதிர்க்கடைக்காரன் ரெண்டாவது மெஷின் இறக்கிட்டான். ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். பரீட்சை நேரம், என் கடைக்கு வர்ற பசங்க பூரா அங்கதான் நிக்குது. இந்த மாசமும் போச்சுன்னா அதுங்களுக்கு அதுதான் கடை, எனக்கு ஜன்னல்தான்.” ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. “உன்னை அவசரப்படுத்தல. சொன்னேன்.”

அவசரப்படுத்தத்தான் செய்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முழுக்கத் தேடினேன். பழைய டிரைவர் தருகிறோம் என்று அழைக்கும் தளங்கள் பல, ஒவ்வொன்றிலும் பெரிய பச்சைப் பட்டன், அமுக்கினால் கூடவே ஒரு வண்டிக் குப்பைப் புரோகிராம்களும் வந்து சேரும். அவற்றைத் தாண்டி, எங்கோ ஒரு நாட்டில் எடை மேடைகளைப் பழுதுபார்க்கும் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு கிடைத்தது. அவருக்கும் இதே தொல்லை. விடை எளிது. கேபிளுக்குள் இருப்பது போலிச் சில்லு. அசல் சில்லைச் செய்தவரின் எண்ணையே தன் எண்ணாகச் சொல்லிக்கொண்டு பிழைக்கும் நகல். வேலையில் குறை இல்லை, பிறப்பில்தான் குறை. அசல்காரர் பின்னாளில் டிரைவரிலேயே ஒரு சோதனை வைத்துவிட்டார். போலி என்று தெரிந்தால் புது டிரைவர் ஓட மறுக்கும். சோதனை வருவதற்கு முந்தைய பழைய டிரைவர் எதையும் கேட்காது. எடை மேடைக்காரர் அந்தப் பழையதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். புதியதை நீக்கிவிட்டுப் பழையதைப் போட்டேன். முக்கோணம் மறைந்தது.

அப்போதுதான் அந்தப் பசை ஞாபகம் வந்தது. இணையம் வந்தால் டிரைவர் புதுப்பிக்கப்படும், புதுப்பிக்கப்பட்டால் கேபிள் செத்துவிடும். அப்பாவுக்கு இது தெரிந்திருக்கிறது! சில்லு போலி என்று கண்டுபிடித்து, யாரிடமும் சொல்லாமல், சுவிட்ச்சை ஒட்டி விஷயத்தை முடித்திருக்கிறார். அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, “அப்படியா இருக்கும்?” என்றாள். முகத்தைப் பார்த்தால் நம்பினாளா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை கப்பி மாமாவும் நானும் அந்தக் கட்டடத்தின் படிகளில் ஏறினோம். நாலாவது மாடியில், பூட்டிய லிஃப்ட் கதவுக்கு எதிரே, அக்கா நாற்காலியில் தயாராக இருந்தார். தலை வாரி, கண்ணாடி துடைத்து, மடியில் கடைச் சாவி.

“இவதானா? அப்பா ஜாடையே இல்லையே.”

“அம்மா ஜாடைக்கா.”

“நல்லவேளை. போ, போய் வேலையப் பாரு.”

மொட்டை மாடியில் மோட்டார் அறை. ஒரு ஆள் நிற்க இடம், நாங்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் கப்பி மாமா. அவர் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து உருண்டை பிளக்கைச் செருகினார். நான் ஒரு பெயிண்ட் டப்பா மேல் லேப்டாப்பை வைத்தேன். போனில் சார்ஜ் குறைந்திருந்தது. வீட்டிலிருந்து அம்மாவோ கீழேயிருந்து அக்காவோ அழைத்தால் வேண்டுமே என்று அதையும் லேப்டாப்பில் செருகிவிட்டு, புரோகிராமைத் திறந்தேன். பெட்டி பேசியது. லிஃப்ட் நிற்கும் இடம், வேகம், கதவுகள் எல்லாம் திரையில் வரிசையாக வந்தன. மாமா கும்பிடாத குறையாகத் திரையைப் பார்த்தார்.

“ஆரம்பிக்கட்டுமா பாப்பா?”

“ஒரு நிமிஷம் மாமா.”

அந்த ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் மறைந்தது. தொடர்பு இல்லை என்றது திரை. பட்டியலைத் திறந்தேன். கேபிளுக்கு நேராக மஞ்சள் முக்கோணம்.

போனைப் பார்த்தேன். கேபிளைச் செருகியதும் தானாக இணையம். நானே வைத்த ஏற்பாடு. ஓ.எஸ். அந்த வழியாகப் போய், புது டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிட்டது.

“என்ன ஆச்சு?”

“அப்டேட் ஆயிடுச்சு மாமா. நான்தான் நெட்டைக் கொடுத்துட்டேன். அப்பா இதுக்குத்தானே வைஃபைய ஒட்டி வச்சாரு. தெரிஞ்சிருந்தும் நான்…”

“எதுக்கு ஒட்டினாரு?”

போலிச் சில்லு கதையைச் சொன்னேன். மாமா வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார். அந்த அறையில் அவர் சிரித்தால் எனக்கும் குலுங்கும்.

“பாப்பா, உங்கப்பாவுக்குச் சில்லும் தெரியாது, கல்லும் தெரியாது. நான் சொல்றேன் கேளு. ஒரு ஆஸ்பத்திரி வேலை. ரெண்டு மாடிக்கு நடுவுல, லிஃப்ட் கூரை மேல நாங்க ரெண்டு பேரும். நல்லா ஓடிக்கிட்டிருக்கு. திடீர்னு திரை நீலமாயிடுச்சு. புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, அணைக்காதீர்கள்னு எழுத்து. அணைக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. இருட்டுல உக்காந்தோம், உக்காந்தோம், அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கு. எனக்கு ஒண்ணுக்கு வேற. கீழேர்ந்து நர்ஸ் கத்துது. கடைசியா இறங்கினதும் மனுஷன் யார்கிட்டயும் பேசல. நேரா கடைக்குப் போனாரு, பசை வாங்கினாரு, ஒட்டினாரு. ‘இனிமே இது எப்படி என்னக் கேக்காம சுத்துதுன்னு பாக்குறேன்’னாரு. அவ்வளவுதான் கதை.”

அப்பாவைப் பற்றி நான் கண்டுபிடித்தது ஒரு பகல்கூட நிற்கவில்லை. கோபத்தில் வைத்த பசை அது. அந்தப் பசைதான் இத்தனை காலம் இந்தக் கேபிளை உயிரோடு வைத்திருந்தது, அவருக்கே தெரியாமல். இருட்டில், நர்ஸ் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, திரையை முறைத்தபடி உட்கார்ந்திருக்கும் அவரை நினைத்தேன். சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மாமா அதைப் பார்க்காத மாதிரி ஸ்பேனரைத் துடைத்தார்.

கீழே இருந்து படிக்கட்டு வழியாகக் குரல் வந்தது: “சிரிப்புச் சத்தம் கேக்குது! ஆச்சா?”

“பத்து நிமிஷங்க்கா!” என்று கத்தினேன்.

போனைப் பிடுங்கி மாமாவின் சட்டைப் பையில் போட்டேன். புது டிரைவரை நீக்கினேன். பழையது பென் டிரைவில் இருந்தது. போட்டேன். பெட்டி திரும்பப் பேசியது.

ஓட்டத்தை மாமாதான் நடத்தினார். எந்தப் பட்டன் எது என்று நான் படித்துச் சொன்னேன், அமுக்கியது அவர் விரல். லிஃப்ட் அடியிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு மாடியின் குறியையும் கடக்கும்போது ஓர் எண்ணைத் திரையில் எழுதிக்கொண்டே வந்தது. புது வடங்கள் கப்பியில் மெதுவாக ஏறின. மாமா திரையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி, கேட்டுக்கொண்டிருந்தார். உச்சியில் வந்து நின்றதும், “சரி” என்றார்.

பிறகு லிஃப்ட்டுக்குள் ஏறி ஒவ்வொரு மாடியாக நிறுத்திப் பார்த்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் மாமா குந்தி உட்கார்ந்து, லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். இரண்டாவது மாடியில் ஒரு விரற்கடை ஏற்றம் இருந்தது, அதைத் திருத்தினோம். நாலாவதில் கதவு திறந்தபோது எதிரே அக்கா இருந்தார். மாமா தடவினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

“நான் வரலாமா, இல்ல அதையே தடவிக்கிட்டு இருப்பியா?” என்றார் அக்கா.

மாமா எழுந்து ஒதுங்கினார். முன்சக்கரங்கள் கடந்தன, பின்சக்கரங்கள் கடந்தன. நாற்காலி குலுங்கவில்லை. அக்கா கீழே குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். கீழ்த்தளப் பட்டனை அமுக்கினார், ஒரே தடவை.

கீழே கதவு திறந்ததும் இடப்பக்கம் அவர் கடை. ஷட்டரில் தூசி. மாமா கை நீட்டினார், சாவி வாங்கித் திறந்துவிட. அக்கா கொடுக்கவில்லை. கடையைத் தாண்டினார். சரிவில் இறங்கித் தெருவுக்குப் போனார். எதிர்க்கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து பார்த்தார், அவரையும் தாண்டினார். நடைபாதையில் வேகமாக உருட்டிக்கொண்டு போய், திருப்பத்தில் மறைந்தார்.

“கடை, கடைன்னு உயிரை விட்டாங்க,” என்றார் மாமா. “இப்ப எங்க போறாங்க?”

“தெரியல மாமா.”

வாசலில் நின்றோம். மாமா டூல் பெட்டி மேல் உட்கார்ந்தார். அவர் சட்டைப் பையில் என் போன் அடித்தது, அம்மா. ஓடிடுச்சு என்றேன். அப்புறம் பேசுகிறேன் என்றேன்.

வெகுநேரம் கழித்து அக்கா வந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வெயில்.

“எங்கக்கா போனீங்க?”

“முனை வரைக்கும்.”

“அங்க என்ன?”

“ஒண்ணுமில்ல. முனைதான்.” சாவியை மாமாவின் மடியில் எறிந்தார். “உக்காந்திருக்கியே, எழுந்து ஷட்டரைத் தூக்கு.”